தலைக்கு மேலே பத்து நிமிடம்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ராக்கெட் பிஎஸ்எல்வி-சி6. அது கொண்டுபோன கார்ட்டோசாட்-1 மீதுதான் அன்று எல்லோருடைய கண்ணும் இருந்தது. அதே ராக்கெட்டில் 42.5 கிலோ எடையுள்ள இன்னொரு பெட்டியும் போனது. அதன் பெயர் ஹாம்சாட். அது படம் எடுக்காது, வானிலை சொல்லாது, டிவி நிகழ்ச்சி தராது. தரையிலிருந்து யாராவது பேசினால் அதைக் கேட்டு, வேறொரு அலைவரிசையில் திரும்பத் தரைக்கே அனுப்பும். வேறு வேலை எதுவும் அதற்குக் கிடையாது.

அந்த 'யாராவது' என்பவர் உரிமம் வைத்திருக்கும் எந்த அமெச்சூர் வானொலிக்காரராகவும் இருக்கலாம். ஹாம் என்று உலகமெங்கும் அழைக்கப்படுபவர்கள் அவர்கள்தான். நாகர்கோவிலில் மொட்டை மாடியில் நிற்கும் கல்லூரி மாணவர், துபாயில் பணி முடிந்து வந்த பொறியாளர், சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாராக இருந்தாலும் சரி. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. ஹாம்சாட்டில் இப்படிக் கேட்டுத் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றது நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் வடிவமைத்துக் கொடுத்தது. 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும். அதன் ஒலிபரப்பு சக்தி ஏறக்குறைய 1 வாட். அந்த 1 வாட்டைக் கொண்டு ஒன்பது ஆண்டுகள் அது கண்டங்களைப் பேசவைத்தது. 2014 ஜூலையில் பேட்டரி செயலிழந்ததும் அதன் பணி முடிந்தது.

1 வாட் எப்படிப் போதும்? தரையில் மேடு, மரம், கட்டடம், பூமியின் வளைவு எல்லாம் வானொலி அலையை மறிக்கின்றன. மேலே அப்படி மறிக்க எதுவும் இல்லை. 620 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளின் பார்வைக்குள் எல்லாத் திசையிலும் சுமார் 2,700 கிலோமீட்டர் வரையிலான நிலமும் கடலும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. சென்னையில் இருப்பவரையும் துபாயில் இருப்பவரையும் அது ஒருசேரப் பார்க்கும் சில நிமிடங்களில் இருவரும் பேசிக்கொள்ளலாம். அந்தச் சில நிமிடங்கள்தான் இந்தக் கலைக்கு முழு ஆதாரம். தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் தொடுவானில் எழுந்து, தலைக்கு மேலே வந்து, எதிர்த் தொடுவானில் மறைய பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். ஹாம்கள் இதை 'பாஸ்' என்பார்கள்.

நமக்குக் கிடைக்கும் பாஸ்களும் குறைவு. துருவங்களைத் தொட்டபடி சுற்றும் ஹாம்சாட் போன்ற ஒன்று ஒரு சுற்றை 97 நிமிடத்தில் முடிக்கிறது. அதற்குள் பூமி அதன் கீழே சுழன்றுவிடுகிறது. நிலநடுக்கோட்டருகே அந்த நகர்வு சுமார் 2,700 கிலோமீட்டர். ஆகவே அடுத்த சுற்றில் அதே செயற்கைக்கோள் அவ்வளவு தூரம் மேற்கே தள்ளிப் போகிறது. அதற்கடுத்த சுற்றில் நம் பார்வையிலிருந்தே விலகிவிடுகிறது. துருவத்தையொட்டிய ஸ்வால்பார்டு தீவில் இருப்பவருக்கு எல்லாச் சுற்றும் தெரியும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவருக்கு ஒரு நாளில் நாலைந்துதான். அதிலும் நன்றாக உயர்ந்து வருவது ஒன்றோ இரண்டோ. ஆகவே எது, எப்போது, எந்தத் திசையில் எழும் என்று தெரிந்துகொண்டு மாடியேற வேண்டும். சுற்றுப்பாதை எண்களைப் புதுப்பித்துக்கொண்டால் இதை விநாடிக் கணக்கில் சொல்லும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே இருக்கின்றன.

நிலையம் என்றதும் பெரிய கோபுரமும் சுழலும் மோட்டார்களும் மனத்தில் வரும். அவை இருந்தால் நல்லதுதான், ஆனால் தொடங்குவதற்கு அவை தேவையில்லை. இரண்டு கையடக்கக் கருவிகள், ஒரு ஹெட்ஃபோன், கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனா போதும். 1926-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதேத்சுகு யாகியும் ஷிந்தாரோ உதாவும் உருவாக்கிய அதே வடிவம்தான் தூர்தர்ஷன் காலத்தில் நம் வீட்டு மாடிகளில் எல்லாம் நின்றது. தென்கடற்கரை ஊர்களில் அதை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு, ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பிவிசி குழாயும் தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவுநாடாவும் வாங்கி இதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் சுமார் 1 மீட்டர், 435-க்கு 34 சென்டிமீட்டர். ஒரே தண்டில் பெரிய கம்பிகளை ஒரு தளத்திலும் சிறியவற்றை அதற்குச் செங்குத்தாகவும் பொருத்தினால் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே ஆன்டெனா ஆகிவிடும்.

செலவைக் குறைக்கக் கூடாத இடம் கேபிள். எளிதில் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் போட்டால், 435 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா பிடித்த சக்தியில் பாதிக்கு மேல் கருவிக்கு வந்து சேர்வதற்குள் வெப்பமாகிவிடும். கேபிளைச் சுருக்குங்கள் அல்லது தடித்ததாக வாங்குங்கள். மாடியில் நிலையான ஆன்டெனா வைப்பவர்கள் அதன் அடியிலேயே ஒரு முன்பெருக்கியைப் பொருத்துவதும் இதற்காகத்தான். நகரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலிவான எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கக்கும் மின்னிரைச்சல், வானத்திலிருந்து வரும் மெல்லிய குரலை அமுக்கிவிடும். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் நின்றால் அதே கருவியில் கேட்கும் குரல் தெளிவாகிவிடும்.

எஸ்ஓ-50 என்ற சவூதி செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 2002 டிசம்பரில் ஏவப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஒலிபரப்பு சக்தி கால் வாட். 145.850 மெகாஹெர்ட்ஸில் அதனிடம் பேச வேண்டும், 436.795-இல் அதைக் கேட்க வேண்டும். அது உறக்கத்தில் இருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் தொனியை இரண்டு விநாடி அனுப்பி எழுப்ப வேண்டும். அதிலுள்ள டைமர் பத்து நிமிடம் ஓடும். அதன்பின் நம் குரலோடு 67 ஹெர்ட்ஸ் தொனி கலந்து போனால்தான் அது திருப்பிச் சொல்லும்.

இங்கே டாப்ளர் விளைவு குறுக்கே வருகிறது. தொடுவானில் எழும்போது செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நம்மை நெருங்குகிறது. ஒவ்வொரு அலையும் முந்தைய அலையைவிடக் குறைந்த தூரம் பயணித்து வருவதால் அலைகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன, அதாவது அதிர்வெண் கூடுகிறது. 436 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கூடுதல் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். தலைக்கு மேலே வரும்போது அது சுழியாகி, விலகிப் போகும்போது அதே அளவு குறைகிறது. ஆகவே அனுபவசாலிகள் கருவியின் நினைவகத்தில் 436.805, 436.800, 436.795, 436.790, 436.785 என்று ஐந்து சேனல்களை முன்பே போட்டு வைப்பார்கள். பாஸ் தொடங்கும்போது முதல் சேனல், குரல் கரகரக்கத் தொடங்கியதும் அடுத்தது, இப்படி இறங்கிக்கொண்டே வருவார்கள். பேசும் அலைவரிசையை மாற்ற வேண்டியதில்லை. 145 மெகாஹெர்ட்ஸில் மாற்றம் 3 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், அதை எஃப்எம் ரிசீவர் பொறுத்துக்கொள்ளும்.

செயற்கைக்கோள் எழும் திசையில் ஆன்டெனாவை நீட்டுகிறீர்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலின் அளவு சற்றுத் தணிகிறது. வந்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். ஒரு ஹாமை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி பாதி கேட்கிறது, மீதி மறைகிறது. இப்போது திசையை மாற்றாமல் மணிக்கட்டை மட்டும் மெல்லத் திருப்புங்கள். செயற்கைக்கோள் தன்னச்சில் சுழன்றுகொண்டே வருகிறது, அதனால் அதன் ஆன்டெனா நிற்கும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கம்பிகள் அந்தக் கோணத்தோடு ஒத்துப்போகும் கணத்தில் இரைச்சல் முழுவதும் விலகி, பக்கத்தில் நின்று பேசுவதைப்போல் குரல் தெளிவாகிறது. சில விநாடிகளில் மறுபடி மங்கும், மறுபடி திருப்ப வேண்டும். பத்து நிமிடமும் மணிக்கட்டு இதைச் செய்துகொண்டே இருக்கும். கணினி பார்த்துச் சுழற்றும் மோட்டார்கள்கூட திசையை மட்டும்தான் பின்தொடர்கின்றன. இந்தத் திருப்பத்தில் கை மேல்.

பரிமாற்றம் மிகச் சுருக்கமானது. உங்கள் அழைப்புக்குறி, உங்கள் இடத்தின் கட்டம், நன்றி. உலக வரைபடத்தை 2 பாகை அகலமும் 1 பாகை உயரமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். சென்னை என்.கே.03, மதுரை எம்.ஜே.99. வடக்கு 10 பாகைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பதால் மதுரைக்கு அந்த 'ஜே', கிழக்கு 80 பாகைக் கோட்டைத் தாண்டியிருப்பதால் சென்னைக்கு அந்த 'என்'. நான்கு எழுத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது எதிர்முனைக்குத் தெரிந்துவிடும். எஸ்ஓ-50 போன்ற எஃப்எம் செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஆகவே நீட்டி முழக்க அங்கே இடமில்லை.

இரண்டு கருவி ஏன் என்று கேட்கலாம். ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி வரும் உங்கள் குரலை நீங்களே கேட்பதற்கு. அது கேட்கவில்லை என்றால் நீங்கள் பேசுவது வேறு யாருக்கும் பயன்படவில்லை, மற்றவர் பேச்சை மட்டும் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். செயற்கைக்கோள் தகவல் தொடர்பில் புதியவர்கள் முதலில் கூட்டப் பார்ப்பது தங்கள் சக்தியை. கூட்ட வேண்டியதோ கேட்கும் திறனை. நன்றாகக் கேட்கும் நிலையத்துக்கு 5 வாட் தாராளம். சரியாகக் கேட்காத நிலையம் 50 வாட் போட்டாலும் பதிலைத் தவறவிடும்.

ஹாம்சாட் போன்ற நேரியல் டிரான்ஸ்பாண்டரில் சக்தியைக் குறைத்துக்கொள்வது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமாக நிற்பதில்லை, இயற்பியலே அதைக் கட்டாயமாக்குகிறது. எஃப்எம் போலன்றி, இங்கே ஒரு பட்டை முழுவதையும் அப்படியே எடுத்து வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். அதற்குள் பல ஜோடிகள் ஒரே சமயத்தில் பேசலாம். ஒருவர் குரலில், இன்னொருவர் மோர்ஸில். ஆனால் இருக்கும் சக்தி எல்லோருக்கும் சேர்த்து அந்த 1 வாட்தான். ஒருவர் பலமாக அனுப்பினால் செயற்கைக்கோள் தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், மற்ற எல்லோருடைய குரலும் இறங்கிவிடும். தெருக்குழாயில் ஒரு வீட்டார் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடுத்த வீடுகளில் தண்ணீர் சொட்டுவதுபோல்தான் இது. அதனால் செயற்கைக்கோள் தன் அடையாளமாக அனுப்பிக்கொண்டிருக்கும் பீக்கன் ஒலியைவிட உங்கள் குரல் பலமாகத் திரும்பி வரக் கூடாது என்பதை எல்லா நாட்டு ஹாம்களும் விதியாக வைத்திருக்கிறார்கள்.

இந்த டிரான்ஸ்பாண்டர்களில் ஓர் அழகான ஏற்பாடும் உண்டு. பல செயற்கைக்கோள்கள் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும், மேல்விளிம்பு கீழ்விளிம்பாகிவிடும். ஹாம்சாட்டும் அப்படித்தான். நெருங்கி வரும்போது 435 மெகாஹெர்ட்ஸில் மேலேறும் அலை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் கூடுகிறது. தலைகீழானதும் அந்தக் கூடுதல் குறைவாக மாறுகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் கீழிறங்கும்போது 3 கூடுகிறது. ஒன்றையொன்று ஓரளவு சமன்செய்து மொத்த மாற்றம் 7-க்குள் அடங்கிவிடுகிறது. டாப்ளரை அதன் ஆயுதத்தாலேயே பாதி வெல்லும் இந்த ஏற்பாட்டை யோசித்த பொறியாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தப் பொதுச்சொத்து மரபு ஹாம்சாட்டோடு தொடங்கியதல்ல. ஸ்புட்னிக் பறந்து நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12 அன்று, கலிஃபோர்னிய ஹாம்கள் தங்கள் கையால் செய்த ஆஸ்கர்-1, அமெரிக்க விமானப்படை ராக்கெட் ஒன்றில் எடைச்சமநிலைக்கு வைக்க வேண்டிய உலோகத் துண்டின் இடத்தில் ஏறிப்போனது. அது சொன்னது மோர்ஸில் ஒரே ஒரு வணக்கம். அந்த வணக்கத்தின் வேகம் பெட்டியின் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். எத்தனை விநாடியில் எத்தனை முறை சொல்கிறது என்று எண்ணினால் விண்வெளியில் அதன் வெப்பநிலை தெரிந்துவிடும். 28 நாடுகளிலிருந்து 570-க்கு மேற்பட்ட ஹாம்கள் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட ஏஓ-7 என்ற இன்னொரு ஹாம் செயற்கைக்கோளின் கதை இன்னும் வியப்பானது. 1981-இல் அதன் பேட்டரி உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகி, சூரியத்தகடுகள் தந்த மின்சாரம் முழுவதையும் விழுங்கியது. முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். 2002 ஜூன் 21 அன்று பிரிட்டனில் ஒரு ஹாம் பழைய மோர்ஸ் பீக்கன் ஒன்றைக் கேட்டார். அது ஏஓ-7. 21 ஆண்டுகள் கழித்து, குறுக்குச்சுற்றாகிக் கிடந்த பேட்டரியின் இணைப்பு அறுபட்டுவிட்டிருந்தது. விழுங்க எதுவும் இல்லாததால் சூரியத்தகடுகளின் மின்சாரம் நேராக டிரான்ஸ்பாண்டருக்குப் போயிற்று. அப்போதிலிருந்து வெயிலில் இருக்கும்போது விழிப்பு, பூமியின் நிழலுக்குள் போனால் உறக்கம். எந்த நிறுவனமும் இத்தனை ஆண்டு கழித்து அந்த அலைவரிசையைக் கேட்டுப் பார்த்திருக்காது.

மனிதர் இருக்கும் விண்கலத்தோடும் ஹாம்கள் பேசுகிறார்கள். 1983-இல் கொலம்பியா விண்ஓடத்திலிருந்து ஓவன் காரியட் தொடங்கிவைத்த வழக்கம் அது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இன்றைக்கும் அமெச்சூர் நிலையம் இருக்கிறது. பள்ளி மாணவர்கள் ஒரு பாஸ் நேரம் விண்வெளி வீரரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கிறார்கள். 2025 ஜூலையில் அங்கிருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பெங்களூரில் கூடியிருந்த மாணவர்களோடு பேசியது இந்த ஹாம் வானொலி வழியாகத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளைத் துரத்த விரும்பாதவர்களுக்கு கியூஓ-100 இருக்கிறது. கத்தார் நாட்டு எஸ்ஹைல்-2 ஒளிபரப்புச் செயற்கைக்கோளில், 2018 நவம்பரில் ஏவப்பட்டபோது, அமெச்சூர்களுக்கென்று இடம் ஒதுக்கினார்கள். புவிநிலைச் சுற்றுப்பாதையில் அமெச்சூர்களுக்குக் கிடைத்த முதல் டிரான்ஸ்பாண்டர் அது. கிழக்கு 25.9 பாகையில் நிற்பதால் பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை தெரியும். சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கில், தரையிலிருந்து சுமார் 27 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கும். டிவி டிஷ்ஷும் அதன் எல்என்பியும் கொண்டே அதைக் கேட்கலாம், ஏனெனில் அது 10 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சில வாட் அனுப்பினால் உங்கள் குரல் கால் விநாடி கழித்து உங்களுக்கே திரும்பி வரும். அங்கேயும் பீக்கன் விதிதான். மீறிப் பலமாகப் பேசுபவரின் அலைவரிசையிலேயே எச்சரிக்கை ஒலி போடும் ஏற்பாடும் உண்டு.

இதற்கு உரிமம் வேண்டும். 12 வயது நிரம்பிய இந்தியர் எவரும் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் கேட்பார்கள். பொதுநிலை உரிமத்துக்கு மோர்ஸும் சேரும். படித்தால் வந்துவிடக்கூடிய பாடம்தான்.

எனக்கு உள்ள ஆதங்கம் வேறு. தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்கள் செயற்கைக்கோள் செய்வதில் பின்தங்கியவை அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இல் போனது. எஸ்ஆர்எம்சாட் 2011-இல், சத்யபாமாசாட் 2016-இல், குமாரகோவிலிலிருந்து நியூசாட் 2017-இல் போயின. ஆனால் உலகமெங்கும் மாணவர் செயற்கைக்கோள்களில் பலவும் தங்கள் தரவைத் தங்கள் தரைநிலையத்துக்கு அனுப்பிவிட்டு முடிந்துவிடுகின்றன. ஊருக்கு உதவும் டிரான்ஸ்பாண்டர் அவற்றில் இருப்பதில்லை. இடமில்லை, எடை கூடிவிடும் என்பது காரணமாகாது. பிரிட்டன் ஹாம்கள் 2013 நவம்பரில் அனுப்பிய ஃபன்கியூப்-1, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள, 1 கிலோ அளவேயான கனசதுரம். வெயிலில் இருக்கும்போது பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தன் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் அனுப்பியது. நிழலுக்குள் போனதும் தானாகவே நேரியல் டிரான்ஸ்பாண்டரை ஹாம்களுக்குத் திறந்துவிட்டது. வகுப்பறையும் பொதுச் சேவையும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.

அடுத்த செயற்கைக்கோளைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிக் குழுக்களே, அந்த வடிவமைப்பை எடுத்துப் படியுங்கள். அலைவரிசை ஒதுக்கீட்டை ஒருங்கிணைக்கச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் இருக்கிறது, கேட்டால் வழிகாட்டுவார்கள். உங்கள் ஆய்வுக்கருவியோடு ஒரு சிறு நேரியல் டிரான்ஸ்பாண்டரையும் வையுங்கள். ஹாம்சாட் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் இடத்தை நிரப்ப உங்களால் முடியும்.